இடது பக்க இருக்கை

"இந்தம்மாவுக்கு இனிமேல் என்னால ஒரு பக்கம்கூடச் செய்ய முடியாது," என்றாள் வடிவு. "பத்து மாதிரி போட்டுக் காட்டியாச்சு. பத்தும் வேண்டாமாம்."

பர்வீன் ஒரு முறுக்கை உடைத்து, பாதியை வடிவின் பக்கம் நகர்த்தினாள்.

"ஏன் வேண்டாமாம் மிஸ்?"

"அது தெரிஞ்சாத்தான் தேவலையே. 'நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா நானாட்ட இல்லீங்க.' இதையேதான் பத்து தடவையும் சொல்றாங்க. நானாட்ட இல்லைன்னா? என்னை மாதிரி இல்லைன்னா என்ன அர்த்தம்? எந்த நிறத்தைப் போட்டா அவங்களாட்ட ஆகும்? எந்த எழுத்தைப் போட்டா ஆகும்? நீயே சொல்லு."

பர்வீன் முறுக்கை மென்றாள்.

கோபிச்செட்டிபாளையத்தில், பழுதான மோட்டார்களுக்குக் காயில் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. ஊர்க்காரர்களுக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுப்பது தொழில். இரண்டு மேசை, இரண்டு பேர்.

குரு பர்வீனுக்கு வயது இருபத்தெட்டு.

சிஷ்யை வடிவுக்கு நாற்பத்து மூன்று.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இது தலைகீழாக இருந்தது. பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றவள் வடிவு. மூன்றாவது பெஞ்சில் சன்னலோரம் உட்கார்ந்து கொட்டாவி விட்டவள் பர்வீன்.

போன வருடம் அந்தப் பள்ளி நிர்வாகம், பெண் ஆசிரியைகள் எல்லாரும் சேலைக்கு மேல் ஒரு கோட்டு போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆண் ஆசிரியர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 'ஏன்?' என்று கேட்டாள் வடிவு. 'கண்ணியம்' என்றார்கள். 'யாருடைய கண்ணியம்?' என்று கேட்டாள். 'உத்தரவு' என்றார்கள். சித்திரை வெயிலில் இரண்டு வாரம் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் வாரம் கோட்டைக் கழற்றி, மடித்து, தலைமையாசிரியர் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். பதினேழு வருட வேலை.

மறுநாள் பழைய மாணவியின் மாடிப்படி ஏறினாள்.

"எனக்கு இந்தத் தொழிலைக் கத்துக் குடு."

"உக்காருங்க மிஸ்," என்றாள் பர்வீன்.

மிஸ் என்று கூப்பிடுவதை அவளும் விடவில்லை. விடச் சொல்லி இவளும் கேட்கவில்லை.

இது வடிவு தனியாகப் பார்க்கும் முதல் வேலை. செல்வநாயகி என்கிற அம்மாள் நடத்தும் மகளிர் கார் பயிற்சிப் பள்ளி. வருகிற ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலத்தில் அதற்குக் கிளை திறக்கிறார்கள். அதற்குள் தளம் வந்தாக வேண்டும். இன்று வியாழன்.

பழைய பள்ளியிலிருந்தும் ஆள் விட்டிருந்தார்கள். ஜூன் மாதம் திரும்ப வரலாம், இடம் காலியாகத்தான் இருக்கிறதாம். கோட்டும் இருக்கிறதாம்.

ஒரு கார் பள்ளிக்கு ஒரு பக்கம் போடத் துப்பில்லை என்றால் அந்தக் கோட்டுக்குள்ளேயே போய்ச் சேர வேண்டியதுதான். வடிவுக்கு அது நன்றாகத் தெரியும். அவளுடைய கோபத்தில் பாதி பயம்.

"முதல் மாதிரி ஞாபகம் இருக்கா உனக்கு?" என்றாள்.

பர்வீனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களில் ஒன்றை வடிவு எடுத்துப் போட்டிருந்தாள். கார் ஓட்டும் பெண் என்று தேடினால் அங்கே கிடைப்பதெல்லாம் ஒரே பெண்தான். வெள்ளைக்காரி, முடி காற்றில் பறக்கிறது, எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்சீட்டில் பிள்ளை கத்துவதையும் கேட்டுக்கொண்டு, கண்ணாடியில் லாரியையும் பார்க்கிற பெண் ஒருத்திகூட அதில் இல்லை. உலகத்தில் அப்படி யாரும் கார் ஓட்டுவதே இல்லை போலிருக்கிறது.

செல்வநாயகி அந்தப் படத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, இந்தப் புள்ள எந்தப் பக்கம் உக்காந்துட்டு ஓட்டுது?"

அப்போதுதான் வடிவும் பார்த்தாள். ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. வெளிநாட்டுக் கார்.

"என்ற பள்ளிக்கோடத்துல இப்புடி உக்காந்தா மொத நாளே பெயிலுங்க."

சரி, அது தன்னுடைய தப்புதான் என்று வடிவு ஒப்புக்கொண்டாள். ஆனால் மற்ற ஒன்பது?

செல்வநாயகியையே காரில் உட்கார வைத்து, ஸ்டீயரிங்கைப் பிடிக்க வைத்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம். "ஆருங்க இது?" என்றாள். பெண்கள் பள்ளி என்றால் ரோஸ் நிறம்தான் போட வேண்டும் என்று எவன் சொன்னான் என்று கருநீலம் போட்டாள் வடிவு. "போலீஸ் டேசனாட்ட இருக்குதுங்க." பச்சை போட்டாள். "பஞ்சாயத்து ஆபீசு." ஏழாவது மாதிரியில், 'பெண்களின் கைகளில் திசைமாற்றி' என்று ஒரு வரி எழுதினாள். அவளுக்கே மெய்சிலிர்த்த வரி அது.

"திசைமாற்றின்னா என்னங்க?"

"ஸ்டீயரிங்."

"அப்ப ஸ்டீயரிங்குன்னே போட்டரலாமுங்களே."

வடிவு இருபது நிமிடம் விளக்கம் சொன்னாள். செல்வநாயகி பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது," என்று ஆரம்பித்தாள்.

"இப்பப் படிக்கிறேன், கேளு," என்றாள் வடிவு. கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். "'மதிப்பிற்குரிய அம்மையீர், தங்களுக்கு என்ன வேண்டும் என்பதில் தங்களுக்கே தெளிவில்லாத நிலையில், இப்பணியைத் தொடர்வது இரு தரப்புக்கும் பயனற்றது எனக் கருதுகிறேன்.' எப்படி?"

"ஒரு எழுத்துப்பிழை இல்ல மிஸ்."

"அனுப்பிடட்டுமா?"

"அனுப்பலாம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. பத்து நிமிசம்தான்."

பர்வீன் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள்.

வடிவு அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அவள் தயாரித்த தாள்தான். புது வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே போட்டுக் கொடுத்தது. பகுதி அ, பகுதி ஆ, பகுதி இ. 'ஒரு சொல்லில் விடையளிக்க. மூன்று வரிகளுக்கு மிகாமல் எழுதுக. எவையேனும் இரண்டனுக்கு மட்டும்.' மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள்.

செல்வநாயகி இந்தத் தாளில் தன் பெயரை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தாள். வெற்றுத்தாள் கொடுக்கிற பிள்ளையை என்ன செய்வது என்று வடிவு அன்று முழுக்கப் புலம்பினாள்.

"இது எதுக்கு எனக்கு?"

"நம்ம ஸ்டூடியோ தளத்துல 'எங்களைப் பற்றி'ன்னு ஒரு பக்கம் இருக்குல்ல. அதுல உங்க இடம் காலியாவே இருக்கு மிஸ். நீங்க எழுதிக் குடுங்க, நான் போட்டுர்றேன். இன்னைக்கு நீங்கதான் கிளையன்ட்."

"இதென்ன பெரிய விசயம்," என்று பேனாவை எடுத்தாள் வடிவு.

கேள்வி ஒன்று. 'தாங்கள் யார்? மூன்று வரிகளுக்கு மிகாமல்.'

கீழே கடையில் ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். நிறுத்தினார்கள். டீ வந்தது. டீ ஆறியது.

"கேள்வியைக் கொஞ்சம் சரியா கேட்டிருக்கலாம்," என்றாள் வடிவு.

"யார் தயாரிச்ச தாள் மிஸ்?"

வடிவு மறுபடி தாளின்மேல் குனிந்தாள். முக்கால் மணி நேரத்தில் மூன்று வரி எழுதினாள். பர்வீன் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அப்படியே பக்கத்தில் போட்டு, கோட்டு உத்தரவு வந்தபோது புதிதாகக் கொடுத்த பள்ளி அடையாள அட்டையிலிருந்த படத்தையும் போட்டுக் காட்டினாள்.

"என்ன பர்வீன் இது. இரங்கல் செய்தி மாதிரி இருக்கு."

"நீங்க எழுதினதுதான் மிஸ்."

"எழுதினதெல்லாம் சரி. 'பதினேழு ஆண்டு அனுபவமிக்க ஆசிரியை, கண்டிப்பும் கனிவும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவர்.' இதுக்குக் கீழ ஒரு குத்துவிளக்கு மட்டும்தான் பாக்கி. அதுவும் அந்தக் கோட்டோட போட்டிருக்க. வேற படம் போடு."

"சரிங்க மிஸ்."

வேறு படம் வந்தது. அண்ணன் மகள் கல்யாணத்தில் எடுத்தது.

"பட்டுச்சேலை வியாபாரம் பண்றவளாட்ட இருக்கேன்."

"சரிங்க மிஸ்."

சன்னலருகே நிற்க வைத்து இப்போதே ஒரு படம் எடுத்தாள் பர்வீன். நல்ல படம். வடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"யாரு இது?"

"நீங்கதான்."

"இதுவா?"

நிறம் மாற்றினார்கள். கொஞ்சம் பளிச்சென்று கேட்டாள். போட்டதும், இவ்வளவு பளிச்சென்றா கேட்டேன் என்றாள். மூன்று வரியை இரண்டாக்கினார்கள். இரண்டு வரி திமிராக இருந்தது. நான்காக்கினார்கள். நான்கு வரி கெஞ்சுவது போலிருந்தது. ஆசிரியை என்பதை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். "அப்போ அந்தப் பதினேழு வருசம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?" என்று சண்டைக்கு வந்தாள். திரும்பச் சேர்த்தார்கள். "இப்பவும் அங்கேயேதான் இருக்கேனாக்கும்," என்றாள்.

பர்வீன் ஒன்றுக்கும் எதிர்வாதம் செய்யவில்லை. சரிங்க மிஸ், சரிங்க மிஸ். வடிவுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. சண்டை போட ஆளில்லாத சண்டையில் அவளுக்கு எப்போதும் ருசி இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

"இதுவும் வேண்டாம்," என்றாள் வடிவு.

"இதோட பதினொண்ணு மிஸ்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா…"

பர்வீன் விசைப்பலகையில் கை வைத்தாள்.

"எப்படி இருக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ். செஞ்சிரலாம்."

வடிவு வாயைத் திறந்தாள்.

தலைமையாசிரியரிடம், மின்வாரியத்தில், பஸ் கண்டக்டரிடம், சொந்த மாமியாரிடம் என்று நாற்பத்து மூன்று வருடத்தில் அந்த வாய் திறந்து சும்மா மூடியதில்லை. இப்போது சும்மா மூடியது.

பர்வீன் மெதுவாக அந்த மின்னஞ்சலைத் திரையில் கொண்டுவந்தாள். அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தாள்.

"அனுப்பிரட்டுமா மிஸ்?"

"இரு."

வடிவு கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்க மிஸ், சாப்பிடவா?"

"சந்தைத் திடலுக்கு."

பர்வீன் கதவைப் பூட்டிக்கொண்டு கூடவே இறங்கினாள்.

சந்தை கூடாத நாட்களில் சந்தைத் திடல் செல்வநாயகியின் பள்ளிக்கூடம். பெரிய புளியமரம், நாலு பக்கமும் காலிக் கொட்டகைகள், நடுவில் சுண்ணாம்புக் கோடுகள். கூரைமேல் சிவப்பில் 'எல்' எழுத்துப் பலகை வைத்த வெள்ளைக் கார் ஒன்று நின்றது. நூல் சேலையும் ஓட்டக்காரர்கள் போடுகிற பூட்சுமாக, அதன்மேல் சாய்ந்துகொண்டு கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தாள் செல்வநாயகி.

"வாங்க டீச்சரம்மா. பதினொண்ணாவது கொண்டாந்தீங்களா?"

"இல்லக்கா. வெறுங்கையோடதான் வந்தேன்."

"அப்ப ஏறுங்க."

"நானா? எனக்கு ஓட்டத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சவங்கள நான் ஏத்தறதில்லீங்க."

வடிவு பர்வீனைப் பார்த்தாள். பர்வீன் மிகுந்த அக்கறையோடு புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறினாள்.

செல்வநாயகி சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருந்தன. பயிற்சிக் கார்களில் அப்படித்தான். கற்றுக்கொள்கிறவள் தடுமாறினால் பக்கத்தில் இருக்கிறவள் அங்கிருந்தே வண்டியை நிறுத்தலாம்.

"ஒரு மாசமா கார் ஓட்டறதப் பத்தி எனக்குப் பாடம் எடுத்தீங்களே, இப்ப ஓட்டுங்க பாக்கலாம். கிளட்ச அமுக்கிட்டு, கியரப் போட்டு, மெதுவா உடுங்க. மெதுவா. மெதுவா…"

வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது.

"பெல் அடிச்சதும் படக்குனு உடறதுக்கு இது உங்க ஸ்கூல் இல்லீங்க. மறுக்காப் போடுங்க."

"இந்தக் கிளட்சை இவ்வளவு தூரத்துல வெச்சவன் யாரு? ஆறடி ஆம்பளைக்கு மட்டும்தான் கார் செய்வாங்களாமா?"

"அதானுங்க நானும் இருவது வருசமாக் கேக்கறேன். சீட்ட முன்னால இழுங்க."

இழுத்தாள். மறுபடி துள்ளியது. மறுபடி அணைந்தது. நான்காவது முறை நகர்ந்தது.

நகர்ந்ததுதான் தாமதம், "அக்கா, ஸ்டீயரிங்கை நீங்க ஒரு கை பிடிங்க," என்று கத்தினாள் வடிவு.

"நான் புடிச்சா நீங்க உட்டுருவீங்க."

"கோட்டை விட்டுப் போகுதுக்கா!"

"போவட்டுமுங்க. கோடு எங்கயும் ஓடிப்போவாது. கைய இறுக்காதீங்க, அது என்ன, ஓடிப்போற பையனோட சட்டையா? ஆங்… அப்புடி. இப்ப ரெண்டாவது கியரு."

இரண்டாவது கியர் விழுந்தது. கார் கொட்டகைகளைத் தாண்டியது. திரும்பியது. இன்னொரு சுற்று வந்தது. சன்னல் வழியாக வந்த காற்று வடிவின் கொண்டையிலிருந்து முடியைப் பிய்த்தது. புளியமரம் வந்தது, போனது. பர்வீன் வந்தாள், போனாள். எதிரே ஒரு கொட்டகை மறைவிலிருந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், இருபது ஆடுகள் வரிசையாக நடுத்திடலுக்கு வந்தன.

வண்டி நின்றது.

முதல் ஆடு வடிவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தது.

"நல்ல நேரத்துல மிதிச்சீங்கக்கா," என்றாள் வடிவு, மூச்சு வாங்கிக்கொண்டு.

"நானெங்கீங்க மிதிச்சேன்?"

வடிவு குனிந்து பார்த்தாள்.

செல்வநாயகியின் பூட்சு அவள் பக்கத்து பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது. தொடவில்லை. அப்படியே அந்தரத்தில் நின்றது.

"மொதல்ல இருந்து இப்படியேவா வெச்சிருக்கீங்க?"

"இருவது வருசமா இப்புடித்தானுங்க வெச்சிருக்கேன். சாயந்தரமானா இந்த ஒரு காலு மட்டும் வலிக்கும்."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு வாய் வழியாக, பிறகு தோளெல்லாம் குலுங்கி, ஸ்டீயரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். தலை பட்டு ஹாரன் அடித்தது. ஆடுகள் கொஞ்சம் வேகமாக நடந்தன. தலையைத் தூக்கி மறுபடியும் சிரித்தாள்.

முன்கண்ணாடிக்கு வெளியே பர்வீன் செல்போனோடு நின்றுகொண்டிருந்தாள்.

படத்தைச் சன்னல் வழியாக நீட்டினாள்.

வலது பக்கம், முடி கலைந்து, கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க, வாயைப் பிளந்து சிரிக்கிற ஒருத்தி. இரண்டு கையும் ஸ்டீயரிங்மேல். இடது பக்கம் செல்வநாயகி. அவள் கேமராவையும் பார்க்கவில்லை, சிரிக்கிறவளையும் பார்க்கவில்லை. கடைசி ஆடு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவு அந்தப் படத்தையே பார்த்தாள். பத்து மாதிரியில் ஒன்றில்கூட இந்த அம்மாளை அவள் இடது பக்க இருக்கையில் உட்கார வைத்ததில்லை. ஒன்றில்கூட.

செல்போனை இடது பக்கம் கொடுத்தாள்.

செல்வநாயகி வாங்கினாள். முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதானுங்க," என்றாள். "இது நானு."

"எழுத்து ஏதாவது போடணுமாக்கா?"

"என்ற பேரு, போன் நம்பரு. போதுமுங்க. ஞாயித்துக்கெழம வாரவங்க எல்லாத்துக்கும் இதையே அனுப்பிப்போடலாம்."

"இதை ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லத் தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட எதுக்குங்க வர்றேன்."

வடிவு ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவிப் பார்த்தாள். அவளுக்குப் பட்டென்று இன்னொரு கேள்வி முளைத்தது. தலையை வெளியே நீட்டினாள்.

"ஏய் பர்வீன். சொல்லத் தெரியாமத்தான் அவங்க நம்மகிட்ட வந்தாங்கன்னு உனக்குத் தெரியும். காலையிலேயே தெரியும். முறுக்கு தின்னுட்டிருந்தப்பவே நீ எனக்கு இதைச் சொல்லியிருக்கலாமா, கூடாதா?"

பர்வீன் பின்கதவைத் திறந்து ஏறினாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"வண்டிய எடுங்க மிஸ்."